ஈப்போவும் சுற்றுத் தோட்டங்களும்: நிலத்தை ஆவணமாகக் கொண்டு பேராக் தமிழர் வரலாற்றைப் படித்தல்

முன்னுரை

புலம்பெயர்ந்த தமிழர் வரலாற்றை ஆராய்வோர் பெரும்பாலும் தலைநகரங்களின் ஆவணக் காப்பகங்களையே நாடுகின்றனர். ஆயினும் தமிழர் குடியேற்றத்தின் உட்பொருள் மாநில நகரங்களிலும் அவற்றைச் சூழ்ந்த தோட்டப்புறங்களிலுமே மிகுதியாகப் பதிந்து கிடக்கிறது. தென்னாப்பிரிக்காவின் நேட்டால் பகுதியில் பீட்டர்மாரிட்சுபர்க் அத்தகைய நகரம். 1893 சூன் 7 அன்று இரவு காந்தியடிகள் இரயிலிலிருந்து இறக்கிவிடப்பட்ட நிலையம் அங்குள்ளது. மலேசியாவில் அதனோடு ஒப்பிடத்தக்க நகரமாகப் பேராக் மாநிலத்தின் தலைநகரான ஈப்போவைக் கூறலாம். இரண்டும் காலனியாட்சியின் கட்டடங்களைத் தாங்கிய மாநில நகரங்கள். இரண்டிலும் தமிழர் வாழ்வு நகர மையத்தில் ஒரு பங்கும் சுற்றுப்புறத்தில் பல பங்குமாக அமைந்தது.

ஒப்புமை இவ்வளவில் நிற்க, இவ்விரு நிலங்களுக்கும் இடையே வரலாற்றாசிரியர் கருதவேண்டிய வேறுபாடு ஒன்று உண்டு. 1860 நவம்பர் 16 அன்று 'துரூரோ' என்னும் கப்பல் சென்னையிலிருந்து டர்பன் துறைமுகத்தை அடைந்தது முதல் 1911 வரை, நேட்டாலுக்கு 1,52,184 இந்தியர் ஒப்பந்தத் தொழிலாளராகச் சென்றனர். அவர்கள் ஒவ்வொருவருக்கும் ஓர் எண் தரப்பட்டது. பெயர், தந்தை பெயர், அகவை, சாதி, ஊர், வட்டம், மாவட்டம், உடலடையாளம் என்பன கப்பற் பட்டியல்களில் எழுதப்பட்டன. அப்பட்டியல்கள் இன்றும் உள்ளன. நேட்டால் தமிழர் ஒருவர் தம் கொள்ளுப்பாட்டனாரின் ஊரை அவற்றின் துணைகொண்டு தேடிக் கண்டறிய இயலும்.

மலாயாவுக்கு வந்த தமிழருள் மிகப் பெரும்பாலோர் கங்காணி முறையிலும் தாமாகவும் வந்தவர்கள். அவர்களைப் பற்றி எண்ணிக்கைகள் உள்ளன. எந்த ஆண்டில் எத்தனை பேர் வந்தனர், எத்தனை பேர் திரும்பினர் என்பதைத் தொழிலாளர் துறையின் ஆண்டறிக்கைகள் கூறுகின்றன. ஆனால் நேட்டாலில் உள்ளது போன்ற, ஆள்வாரியான முழுமையான பெயர்ப்பட்டியல் நம் கையில் இல்லை. எனவே பேராக் தமிழரைப் பொறுத்தவரை கோவில், பள்ளி, இடுகாடு, லயம், தோட்டப்பெயர் ஆகியவை பட்டியலின் இடத்தை நிரப்பும் முதன்மைச் சான்றுகளாகின்றன. இச்சான்றுகள் விரைந்து மறைந்து வருகின்றன என்பதே இக்கட்டுரை எழுதப்படுவதற்குக் காரணம்.

ஈயத்தால் எழுந்த நகரம்

ஈப்போ கிந்தா ஆற்றின் கரையில் அமைந்தது. அம்புமுனையில் தோய்க்கும் நஞ்சைத் தரும் 'ஈப்போ' மரத்தின் பெயரே ஊருக்கு அமைந்தது. 1874 சனவரி 20 அன்று கையெழுத்தான பங்கோர் உடன்படிக்கையால் பேராக்கில் பிரித்தானியரின் தலையீடு தொடங்கியது. அடுத்த ஆண்டே முதல் ரெசிடெண்டான பர்ச்சு பாசிர் சாலாக்கில் கொல்லப்பட்டார். கிந்தாப் பள்ளத்தாக்கின் ஈயச் சுரங்கங்கள் பெருகப் பெருக, ஆற்றங்கரைச் சிற்றூராக இருந்த ஈப்போ நகரமாயிற்று. 1892இல் நிகழ்ந்த தீவிபத்தில் ஊரின் பெரும்பகுதி அழிந்தது. அதன்பின் திட்டமிட்ட தெருக்களோடு அது மீண்டும் எழுந்தது. 1937இல் பேராக்கின் தலைநகர் தைப்பிங்கிலிருந்து ஈப்போவுக்கு மாற்றப்பட்டது. 1988இல் அது மாநகராக உயர்வு பெற்றது.

நகர மையத்தைக் காணச் செல்வோர் முதலில் காண்பது இரயில் நிலையமும் நகர மண்டபமும் ஆகும். இரண்டையும் வரைந்தவர் ஆர்தர் பெனிசன் அப்பாக்கு என்னும் கட்டடக் கலைஞர். 1917இல் நிறைவுற்ற இரயில் நிலையத்தை ஊரார் 'ஈப்போவின் தாஜ்மகால்' என்று வழங்குவதுண்டு. சற்றுத் தொலைவில் பர்ச்சின் நினைவாக 1909இல் எழுப்பப்பட்ட மணிக்கூண்டு நிற்கிறது. அம்மணிக்கூண்டு நிற்கும் சாலைக்கு, பர்ச்சின் கொலைக்காகத் தண்டிக்கப்பட்ட தலைவர்களுள் ஒருவரான டத்தோ சாகோரின் பெயர் பின்னாளில் இடப்பட்டது. மணிக்கூண்டும் நீக்கப்படவில்லை, சாலைப் பெயர் மட்டுமே மாறியது. ஒரு நகரம் தன் நினைவைத் திருத்தி எழுதிக்கொள்ளும் முறைக்கு இது நல்ல சான்று. பெயர் வைப்பதும் பெயர் நீக்குவதும் வரலாற்றுச் செயல்களே என்பதை இங்கு நினைவிற் கொள்ளுதல் தகும்.

இம்மையப்பகுதியில் தமிழரின் தடம் கட்டடங்களைக் காட்டிலும் தொழில்களில் விளங்குகிறது. மலாயாவின் முதல் இரயில்பாதை 1885 சூன் 1 அன்று தைப்பிங்கிற்கும் போர்ட் வெல்டுக்கும் இடையே திறக்கப்பட்டது. அதன் கட்டுமானத்தில் இலங்கையிலிருந்து வந்த தொழிற்படையினர் ஈடுபட்டனர். பின்னர் இரயில்வே, மருத்துவமனை, அரசு அலுவலகம், தோட்ட அலுவலகம் ஆகியவற்றின் எழுத்தர் பணிகளை யாழ்ப்பாணத் தமிழர் பெரிதும் ஏற்றனர். லேவாதேவித் தொழிலில் நகரத்தார் இருந்தனர். பாதை போடவும் சாலை அமைக்கவும் தமிழகத்துத் தொழிலாளர் இருந்தனர். இவ்வாறு ஒரே மொழி பேசியோர் மூன்று படிநிலைகளில் நின்றனர். தோட்டத் தொழிலாளி 'கிராணி' என்று சொல்லும்போது அச்சொல்லில் மதிப்பும் அச்சமும் விலகலும் ஒருங்கே ஒலிப்பதன் காரணம் இதுவே.

நகரின் மேற்குப்புறத்தில் உள்ள புந்தோங் உழைக்கும் தமிழரின் குடியிருப்பாக வளர்ந்தது. முறுக்கும் கடலையும் செய்து விற்கும் குடும்பங்களால் அதன் ஒரு பகுதி 'கச்சாங் பூத்தே' கிராமம் என்றே அறியப்படுகிறது. தைப்பூசத்தன்று புந்தோங் மகா மாரியம்மன் கோவிலிலிருந்து பால்குடமும் காவடியும் குனோங் சீரோவில் உள்ள கல்லுமலை சுப்பிரமணியர் கோவிலுக்குச் செல்கின்றன. கிந்தாவின் சுண்ணாம்புக் குன்றுகள் அழகியவை, ஆபத்தும் உடையவை. 1973 அக்டோபரில் அதே குனோங் சீரோவில் பாறை சரிந்து வீடுகளின்மேல் விழுந்ததில் ஏறத்தாழ 40 பேர் மாண்டனர். மலையடிவாரத்தில் குடியேறுவோர் யாவர், ஏன் குடியேறுகின்றனர் என்னும் வினாவை அந்நிகழ்ச்சி இன்றும் எழுப்புகிறது.

கரும்பிலிருந்து இரப்பருக்கு

பேராக் தமிழரின் தோட்ட வாழ்வு இரப்பரில் தொடங்கவில்லை என்பது பலரும் மறந்த செய்தி. வடக்கே கிரியான் மாவட்டத்தில், பாரிட் புந்தார், பாகான் செராய் ஆகிய ஊர்களைச் சுற்றி, 19ஆம் நூற்றாண்டின் இறுதியில் கரும்புத் தோட்டங்கள் இருந்தன. அவற்றில் தமிழர் ஒப்பந்தக் கூலிகளாக உழைத்தனர். நேட்டாலிலும் ஒப்பந்தக் கூலிமுறைக்கு அடிப்படை கரும்பே. சென்னை மாகாணத்தின் அதே மாவட்டங்களிலிருந்து புறப்பட்டவர்களுள் ஒரு சாரார் இந்தியப் பெருங்கடலின் மேற்குக் கரையிலும் மற்றொரு சாரார் கிழக்குக் கரையிலும் ஒரே பயிருக்காக இறக்கப்பட்டனர்.

பிரிவு அதன் பின்னரே நேர்ந்தது. 1906இல் கிரியான் நீர்ப்பாசனத் திட்டம் நிறைவுற்று அப்பகுதி நெல்வயலாக மாறலாயிற்று. கரும்பு தேய்ந்தது, இரப்பர் வளர்ந்தது. 1877இல் கோலகங்சாரில் நடப்பெற்ற இரப்பர்க் கன்றுகளிலிருந்து வளர்ந்ததாகக் கருதப்படும் முதுமரம் ஒன்று அங்கு இன்றும் காக்கப்படுகிறது. அந்த மரத்தைக் காணச் செல்லும் மாணவருக்கு ஆசிரியர் ஒரு செய்தியைச் சேர்த்துச் சொல்லவேண்டும்: இம்மரத்தின் வழித்தோன்றல்களைச் சீவுவதற்காகவே நம் முன்னோர் பல்லாயிரவர் இந்நாட்டுக்குக் கொணரப்பட்டனர்.

மலாயாவுக்கான ஒப்பந்தக் கூலிமுறை 1910இல் நிறுத்தப்பட்டது. அதற்கு முன்னரே, 1907இல், தமிழர் குடிநுழைவு நிதி ஏற்படுத்தப்பட்டிருந்தது. தோட்ட முதலாளிகள் செலுத்திய வரியால் தொழிலாளரின் கப்பற் கட்டணம் ஈடுசெய்யப்பட்டது. கங்காணி தம் ஊருக்குச் சென்று உறவினரையும் அண்டையரையும் திரட்டிவந்தார். ஆவடி, நாகப்பட்டினம் முகாம்களிலிருந்து கப்பலேறியவர்கள் பினாங்கை அடைந்து, புலாவ் செரெசாக் தீவில் தனித்து வைக்கப்பட்ட பின்னரே பேராக் தோட்டங்களுக்கு அனுப்பப்பட்டனர். தோட்டத்திலும் கங்காணியே அவர்களின் மேலாளர். அவர் கீழ் வேலைக்கு வந்த ஒவ்வோர் ஆளுக்கும் அவருக்குத் 'தலைக்காசு' கிடைத்தது.

இம்முறையின் சமூக விளைவு ஆழமானது. ஒரு கங்காணி ஓர் ஊராரைக் கொணர்ந்ததால், ஒரு லயத்தில் ஓர் ஊரின் உறவும் சாதியும் வழிபாடும் பெயர்ந்து வந்து அமர்ந்தன. தோட்டத்தின் நடுவே மாரியம்மன் இருப்பாள். எல்லையில் முனீசுவரர் இருப்பார். சில தோட்டங்களில் மதுரைவீரனும் காளியும் தனித்தனியே இடம்பெறுவர். எந்தத் தெய்வம், எந்தக் குடும்பத்தார் பூசை, எந்தத் திங்களில் திருவிழா என்பவற்றைத் தொகுத்தால், பட்டியலில் எழுதப்படாத ஊர்த்தொடர்பை ஓரளவு மீட்கலாம். மாரியம்மன் வழிபாடு தமிழகம் முழுவதும் பரவியிருப்பதால், தெய்வத்தின் பெயரை மட்டும் கொண்டு முடிவுக்கு வருதல் கூடாது. பூசை உரிமையும் காப்புக்கட்டு முறையும் வாய்மொழிச் செய்தியும் ஒன்றையொன்று தாங்கும்போதே அது சான்றாகும்.

சாஸ்திரி கண்ட இரு நாடுகள்

நேட்டாலையும் மலாயாவையும் ஒருவரே கண்டு எடைபோட்ட நிகழ்வும் வரலாற்றில் உண்டு. வலங்கைமான் சீனிவாச சாஸ்திரி 1927 முதல் 1929 வரை தென்னாப்பிரிக்காவில் இந்திய அரசின் முகவராகப் பணியாற்றினார். டர்பனில் அவர் பெயரால் கல்லூரியும் எழுந்தது. அவரே 1936இன் இறுதியில் மலாயாவுக்கு வந்து இந்தியத் தொழிலாளர் நிலையை ஆராய்ந்து, 1937இல் அறிக்கை அளித்தார்.

உலகப் பொருளாதார மந்தத்தில் இரப்பர் விலை வீழ்ந்தபோது தோட்டக் கூலி பெரிதும் குறைக்கப்பட்டிருந்தது. ஆடவருக்கு 50 காசு, பெண்டிருக்கு 40 காசு என்னும் முந்தைய நாட்கூலியை மீட்டளிக்கவேண்டும் என்றும், கங்காணி ஆட்சேர்ப்பு முடிவுக்கு வரவேண்டும் என்றும் சாஸ்திரி பரிந்துரைத்தார். எனினும் தொழிலாளரின் பொது நிலையைப் பற்றி அவர் காட்டிய மனநிறைவு, அன்றைய மலாயா இந்தியத் தலைவர்கள் பலருக்கு ஏமாற்றம் அளித்தது. தென்னாப்பிரிக்காவின் இனவொதுக்கலைக் கண்ட கண்ணுக்கு மலாயா தணிந்ததாகத் தோன்றியிருக்கக்கூடும் எனக் கருத இடமுண்டு. ஒப்பீடு பயனுள்ள கருவி. ஆனால் ஒரு கொடுமையை அளவுகோலாகக் கொண்டு மற்றொன்றைச் சிறிதாகக் காட்டும் இடரும் அதில் உண்டு. 1938இல் கூலிக் குறைப்பு மீண்டும் எழுந்தபோது, இந்திய அரசு அவ்வாண்டு சூன் திங்களில் உதவிபெற்ற குடிபெயர்வைத் தடைசெய்தது. அத்துடன் பெருந்திரளான ஆட்சேர்ப்பின் காலம் முடிவுற்றது.

மாளிகையும் கோவிலும்

ஈப்போவிலிருந்து தெற்கே பத்து காஜாவுக்கு அருகில் உள்ள கெல்லி மாளிகை இன்று பெயர்பெற்ற சுற்றுலாத் தலம். ஸ்காத்லாந்தைச் சேர்ந்த வில்லியம் கெல்லி ஸ்மித் என்னும் தோட்ட முதலாளி, கிந்தா கெல்லாஸ் என்னும் தம் தோட்டத்தில் 1915 அளவில் இதைக் கட்டத் தொடங்கினார். 1926இல் அவர் லிஸ்பனில் காலமானார். மாளிகை முற்றுப்பெறாமல் நின்றது. கட்டுமானத்திற்காகச் சென்னை மாகாணத்திலிருந்து தொழிலாளர் வரவழைக்கப்பட்டனர். நோயால் பலர் மடிந்தபோது, மாரியம்மனுக்குக் கோவில் எழுப்பவேண்டும் எனத் தொழிலாளர் வேண்ட, அவர் இசைந்தார் என்பது வழிவழிச் செய்தி. மாளிகைக்குச் சற்றுத் தொலைவில் அக்கோவில் உள்ளது. தெய்வ உருவங்களுக்கிடையே ஐரோப்பிய உடை அணிந்த ஓர் உருவமும் அதன்மேல் இடம்பெற்றுள்ளது. அது ஸ்மித்தைக் குறிப்பதாகக் கொள்ளப்படுகிறது.

இவ்வுருவத்தை நன்றியறிதலின் சின்னமாகவே வழிகாட்டிகள் விளக்குகின்றனர். நன்றி இருந்திருக்கலாம். அதனினும் நுட்பமான பொருள் ஒன்றும் இதில் உண்டு. மாளிகையில் துரையே தலைவர். அவர் விரும்பியவாறு தொழிலாளர் கல் சுமந்தனர். கோவிலில் மாரியம்மனே தலைவி. அங்குத் துரை பரிவாரங்களுள் ஒருவர். தோட்டத்தின் அதிகார வரிசையைத் தொழிலாளர் தம் கையால் மாற்றி அமைத்த ஒரே இடம் கோவிற்கூரை எனலாம். மாளிகைக்கு நுழைவுச்சீட்டு வாங்கும் பயணிகளுள் பலர் இக்கோவிலுக்குச் செல்வதில்லை. நம் பள்ளிகளின் கல்விப் பயணங்களேனும் இரண்டையும் ஒருங்கே காணவேண்டும்.

சுங்கை சிப்புட்: ஒரு சிற்றூரில் மூன்று வரலாறுகள்

ஈப்போவுக்கு வடக்கே உள்ள சுங்கை சிப்புட் நாட்டு வரலாற்றில் நிலைத்த இடம் பெற்றது. 1948 சூன் 16 அன்று எல்பில் தோட்டத்திலும் அதற்கு அண்மையிலிருந்த மற்றொரு தோட்டத்திலும் ஐரோப்பிய அதிகாரிகள் மூவர் சுட்டுக்கொல்லப்பட்டனர். அதனைத் தொடர்ந்து அவசரகாலம் அறிவிக்கப்பட்டது. அது 1960 வரை நீடித்தது. பாடநூல்கள் இந்நிகழ்ச்சியைக் கம்யூனிஸ்டுக் கிளர்ச்சியின் தொடக்கமாகவே குறிக்கின்றன. அத்தோட்டங்களின் தொழிலாளருக்கு அது வேறு பொருளும் தந்தது. சப்பானியர் காலத்தில் சயாம் – பர்மா இரயில்பாதைக்குத் தோட்டங்களிலிருந்து ஆட்கள் கொண்டுசெல்லப்பட்டு, பல்லாயிரவர் மீளவில்லை. போருக்குப்பின் எழுந்த தொழிற்சங்க இயக்கம் 1948இல் ஒடுக்கப்பட்டது. அகில மலாயாத் தொழிற்சங்கச் சம்மேளனத்தின் தலைவராயிருந்த எஸ்.ஏ. கணபதி 1949 மே 4 அன்று தூக்கிலிடப்பட்டார். தோட்டங்களில் லயங்கள் ஓரிடத்தில் திரட்டப்பட்டு முள்வேலியிடப்பட்டன.

இரண்டாவது வரலாறு துன் வீ.தி. சம்பந்தனுடையது. அவருடைய தந்தையார் வீராசாமி சுங்கை சிப்புட்டில் இரப்பர்த் தோட்ட உரிமையாளராக உயர்ந்தவர். அண்ணாமலைப் பல்கலைக்கழகத்தில் பயின்ற சம்பந்தன் 1955 முதல் 1973 வரை ம.இ.கா.வின் தலைவராக விளங்கினார். மூன்றாவது, அவ்வூரின் மகாத்மா காந்தி கலாசாலை. அவசரகாலத்தின் நடுவே, 1954இல், விஜயலட்சுமி பண்டிட் அதைத் திறந்துவைத்தார். நேட்டாலின் இரயில் நிலையத்தில் குளிரில் அமர்ந்திருந்த வழக்கறிஞரின் பெயர், அறுபதாண்டுகளுக்குப் பின் பேராக்கின் ஒரு தோட்டப்புறச் சிற்றூரில் தமிழ்ப்பள்ளியின் பெயராக அமைந்தது.

துண்டாடலும் பெயர்வும்

1950களில் ஐரோப்பிய நிறுவனங்கள் சில தம் தோட்டங்களை விற்கத் தொடங்கின. வாங்கியோர் அவற்றைச் சிறுசிறு துண்டுகளாகப் பிரித்து விற்றனர். தோட்டம் துண்டாடப்பட்டபோது தொழிலாளி வேலையை இழந்தார்; வேலையோடு வீட்டையும் இழந்தார்; பல இடங்களில் பள்ளியும் கோவிலும் கேட்பாரற்றுப் போயின. இதற்கு மாற்றாகவே 1960இல் சம்பந்தனின் முயற்சியால் தேசிய நிலநிதிக் கூட்டுறவுச் சங்கம் தோன்றியது. 100 வெள்ளிப் பங்கைத் திங்களுக்கு 10 வெள்ளியாகச் செலுத்தித் தொழிலாளர் உறுப்பினராயினர். நாட்கூலியில் வாழ்ந்தோர் கூடித் தோட்டம் வாங்கியது தமிழர் பொருளியல் வரலாற்றில் தனித்துக் குறிக்கத்தக்கது.

எனினும் பெயர்வு நிற்கவில்லை. 1969இல் நடைமுறைக்கு வந்த வேலை அனுமதி முறையால், குடியுரிமை பெறாத தொழிலாளர் பலர் இந்தியாவுக்குத் திரும்பினர். அதன்பின் இரப்பர் செம்பனைக்கு இடங்கொடுத்தது. நகரை ஒட்டிய தோட்டங்கள் வீடமைப்புப் பகுதிகளாயின. வெளிநாட்டுத் தொழிலாளர் வந்தனர். தமிழர் புந்தோங் போன்ற நகர்ப்புறங்களுக்கும் பிற மாநிலங்களுக்கும் பெயர்ந்தனர்.

பள்ளிப் பெயரும் நம் கடமையும்

தோட்டம் மறைந்த பின்னும் அதன் பெயரைத் தாங்கி நிற்பது பெரும்பாலும் தமிழ்ப்பள்ளியே. பள்ளி வயதுப் பிள்ளைகள் பத்துப் பேர் உள்ள தோட்டத்தில் பள்ளி அமைக்கவேண்டும் என 1923ஆம் ஆண்டுத் தொழிலாளர் சட்டம் விதித்தது. அதன் வழிவந்த பள்ளிகளே இன்று 'லாடாங்' என்னும் சொல்லோடு விளங்குகின்றன. மலேசியாவின் ஐந்நூற்றுக்கு மேற்பட்ட தமிழ்ப்பள்ளிகளுள் 134 பேராக்கில் உள்ளன; மாநிலங்களுள் இதுவே மிகுதி. எல்பில் தோட்டத் தமிழ்ப்பள்ளி என்னும் பெயரே 1948ஐ நினைவூட்டும் ஒரு கல்வெட்டு.

மாணவர் குறைந்த பள்ளிகள் நகர்ப்புறத்திற்கு இடம்பெயர்வது தேவையானது. பிள்ளைகளின் நலனுக்கு உகந்ததும் ஆகும். அவ்வேளையில் தோட்டப் பெயர் பழமையின் அடையாளமாகத் தோன்றி, அதை நீக்கும் விருப்பமும் எழுகிறது. 'தோட்டம்' என்னும் சொல்லோடு ஒட்டிய தாழ்வுணர்ச்சியே அதற்குக் காரணம். அவ்வுணர்ச்சி புரிந்துகொள்ளத்தக்கது. ஆனால் பெயரை நீக்கினால், ஓர் ஊர் இருந்ததற்கான இறுதி எழுத்துச் சான்றையும் நாமே அழித்தவராவோம். தமிழ்ப்பெயர்களின் நிலை இதனினும் நலிந்தது. துரையின் பெயராலும் ஆற்றின் பெயராலும் தொழிலாளர் தோட்டங்களுக்கு வைத்து வழங்கிய பெயர்கள் அரசு வரைபடத்தில் ஏறியதில்லை. அவை முதியோர் நாவில் மட்டும் உள்ளன.

ஆகவே தமிழாசிரியரும் பல்கலைக்கழக மாணவரும் இணைந்து செய்யத்தக்க பணிகள் சில உண்டு. முதலாவது, ஒவ்வொரு பள்ளியும் தன் பழைய சேர்க்கைப் பதிவேட்டைப் படியெடுத்துக் காத்தல். தந்தை பெயரும் தோட்டப் பிரிவும் அதில் உள்ளமையால், நமக்குக் கிட்டாத கப்பற் பட்டியலுக்கு அதுவே மாற்று. இரண்டாவது, தோட்டத்தின் அரசுப் பெயரையும் தமிழ் வழக்குப் பெயரையும் இணைத்து அட்டவணையாக்கல். மூன்றாவது, பெரட்டுக்களம், ஆயாக்கொட்டகை, பால் நிறுக்கும் கொட்டகை, லயம், கோவில், இடுகாடு ஆகியவற்றை நினைவிலிருந்து வரைபடமாக வரையச் செய்தல். இவற்றிற்குப் பெரும்பொருள் வேண்டியதில்லை; முதியோர் உள்ளபோதே தொடங்கும் விரைவே வேண்டும்.

முடிவுரை

ஈப்போவின் நிலையமும் மணிக்கூண்டும் கெல்லி மாளிகையும் பிறர் எழுப்பித்த நினைவுகள். அவற்றைக் காக்க நிறுவனங்கள் உள்ளன. மாரியம்மன் கோவிலும் தோட்டப்பள்ளியும் முள்செடி மூடிய இடுகாடும் நம் முன்னோர் விட்டுச்சென்ற நினைவுகள். அவற்றைக் காக்க நம்மைத் தவிர வேறெவரும் இல்லை. நேட்டால் தமிழரின் முன்னோருக்கு ஆட்சியாளர் இட்ட எண் கொடுமையின் அடையாளமாயினும், அதுவே இன்று பேரர்களுக்கு வழிகாட்டுகிறது. பேராக் தமிழரின் முன்னோருக்கு எண்ணும் இல்லை. அவர்களுக்கு எஞ்சியிருப்பது அவர்கள் உழைத்த தோட்டத்தின் பெயர் ஒன்றே. அதனை எழுதி வைத்தல் வரலாற்றுத் துறையின் கடமை மட்டுமன்று. அத்தோட்டங்களிலிருந்து படித்து வந்த நம் ஒவ்வொருவரின் கடமையும் ஆகும்.